லினக்ஸ் சிஸ்டம் மானிட்டரில் எழுத்துகள் மாயமா? ஓஎஸ்ஸை அழிக்கும் முன் இதைப் பாருங்க!

லேப்டாப் திணறுது. எந்த ஆப் மெமரியை விழுங்குதுன்னு பார்க்க சிஸ்டம் மானிட்டரைத் திறக்கிறீர்கள். கோடுகள் ஓடுகின்றன, எண்கள் மாறுகின்றன. ஆனால் எது சிபியூ, எது மெமரி என்று சொல்லும் பெயர்களைக் காணோம்!

"சிஸ்டமே போச்சு" என்று லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்புபவர்கள் உண்டு. பேக்கப் இல்லாமல் அதைச் செய்தால் போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் அழிந்துவிடலாம். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. கணினி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பெயரை எழுதிக் காட்டும் வேலைதான் நடுவில் எங்கோ நின்றுபோயிருக்கிறது.

எதைச் செய்யக் கூடாது?

பெயர் தெரியாத பட்டனை அழுத்தாதீர்கள். க்னோம் சிஸ்டம் மானிட்டரில் ஒரு புராசஸ் மீது ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் 'ஸ்டாப்', 'எண்ட்', 'கில்' எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஸ்டாப் என்பது தற்காலிக நிறுத்தம்தான். எண்ட், ஆப்பை மூடச் சொல்லிக் கேட்கும். கில் கேட்காது; சேமிக்காத வேலை அப்படியே போய்விடும். எழுத்தே இல்லாதபோது குத்துமதிப்பாக அழுத்துவது ஆபத்து.

அவசரம் என்றால் டெர்மினலைத் திறந்து 'டாப்' என்ற கட்டளையைக் கொடுங்கள். ஷிப்ட்டும் எம்மும் சேர்த்து அழுத்தினால் அதிக மெமரி எடுப்பவை மேலே வரும். க்யூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

கட்டமா, காலியா?

காரணத்தைக் கண்டுபிடிக்க இதுதான் முதல் கேள்வி. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால், அது எழுத்துரு பிரச்சினை. இதற்கு 'டோஃபு' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. கூகுளின் நோட்டோ எழுத்துருவுக்குப் பெயர் வந்ததும் 'நோ டோஃபு' என்பதிலிருந்துதான்.

இதில் ஒரு துப்பு இருக்கு. புராசஸ் பெயர்கள் மொழிபெயர்க்கப்படுவதில்லை. எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அவை சரியாகத் தெரிந்து, தமிழில் வர வேண்டிய தலைப்புகள் மட்டும் கட்டமாக இருந்தால், தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். உபுண்டு, டெபியனில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' பேக்கேஜை நிறுவினால் போதும். மொழிபெயர்ப்பு விடுபட்டிருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டாம். அப்படியென்றால் அந்த இடத்தில் ஆங்கிலம் வரும், காலியாக இருக்காது.

ஆங்கிலமும் சேர்ந்து கட்டமாகிவிட்டதா? அப்போ எழுத்துருக் கேஷைப் பாருங்கள். 2018-ல் வந்த உபுண்டு 18.04-ல் சிஸ்டம் மானிட்டரே ஸ்னாப் பேக்கேஜாகத்தான் வந்தது. ஸ்னாப்புக்குள் இருக்கும் எழுத்துரு மென்பொருளும் வெளியில் இருப்பதும் வேறு வேறு பதிப்பாக இருந்தால் கேஷில் குழப்பம் வரும். ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'ஃபான்ட்கான்ஃபிக்' என்பதை மட்டும் நீக்குங்கள். பயம் வேண்டாம், அது தானாகவே மறுபடி உருவாகிவிடும்.

சுத்தமாகக் காலியா இருக்கா?

ஒரு வரியை மவுஸால் செலக்ட் செய்து பாருங்கள. எழுத்து எட்டிப் பார்த்தால், குற்றவாளி தீம்! பின்னணியும் எழுத்தும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. இணையத்தில் இறக்கிய தீமை விட்டுவிட்டு, சிஸ்டத்தோடு வந்த தீமுக்கு மாறுங்கள்.

செலக்ட் செய்தும் தெரியவில்லை என்றால் கிராபிக்ஸ் பக்கம் போக வேண்டும். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு மட்டும் எழுத்துகள் சிதைந்தால், தூக்கத்துக்குப் போகும்போது வீடியோ மெமரியில் இருந்தது முழுதாகச் சேமிக்கப்படாமல் போயிருக்கலாம். ஆப்பை மூடித் திறந்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு வந்த சிக்கல் என்றால் வேறு ஒரு சந்தேகம். க்னோம் ஆப்களுக்கு அடிப்படையான ஜிடிகே, 2024-ல் வந்த 4.14 பதிப்பில் திரையில் வரையும் முறையையே மாற்றியது. சில பழைய கார்டுகளுக்கு அது ஒத்துவரவில்லை. சோதிக்க, டெர்மினலில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஜிஎஸ்கே', அண்டர்ஸ்கோர், 'ரெண்டரர்', பிறகு சமக்குறி, சின்ன எழுத்தில் 'கெய்ரோ', ஓர் இடைவெளி விட்டு ஆப்பின் பெயர். நடுவில் வேறு எங்கும் இடைவெளி கூடாது. இப்படித் திறக்கும்போது மட்டும் எழுத்து வந்தால், கிராபிக்ஸ் டிரைவரைத்தான் அப்டேட் செய்ய வேண்டும்.

கேடிஇ பயன்படுத்துறீங்களா?

2021-ல் பிளாஸ்மா 5.21-உடன் வந்த புதிய சிஸ்டம் மானிட்டரின் கதை கொஞ்சம் வேறு. அதில் சென்சார்களின் பெயர், எண் இரண்டையும் தருவது 'கேசிஸ்டம்ஸ்டாட்ஸ்' என்ற பின்னணிச் சேவை. அது நின்றுவிட்டால் வரைபடத்தில் பெயரும் இருக்காது, எண்ணும் இருக்காது. லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் சேவை புதிதாகத் தொடங்கும்.

எதற்குமே அசையவில்லையா? செட்டிங்ஸில் புதிய யூசர் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கி, அதில் சிஸ்டம் மானிட்டரைத் திறங்கள். அங்கே எழுத்துகள் சரியாக வந்தால் கோளாறு உங்கள் அக்கவுண்ட்டின் அமைப்புகளில்தான், சிஸ்டத்தில் இல்லை. அங்கேயும் வரவில்லை என்றால் டெர்மினலில் இருந்து ஆப்பைத் திறந்து, அதில் ஓடும் எரர் வரிகளை காப்பி செய்து, உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் பிழைப் பதிவுத் தளத்தில் பதிவிடுங்கள். கார்டின் பெயரையும் டிரைவர் பதிப்பையும் சேர்த்தே எழுதுங்கள். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.