வீட்டுக்கணினிகளின் இயங்குதள மாற்றமும் தமிழ்க் கோப்புகளின் வாசிப்புச் சிக்கல்களும் (1998–2015)

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக்கணினியில் இயங்குதளத்தை மாற்றும்போது எழும் பழுதுகள் பொதுவாகத் தொழில்நுட்பப் பணியாளரின் பொறுப்பாகவே கருதப்படுகின்றன. தமிழில் எழுதுவோருக்கு அவை பனுவல் இழப்பாகவும் அமைந்தன. விண்டோஸ் 98 முதல் விண்டோஸ் 10 வரையிலான மாற்றங்களில் தமிழ்க் கோப்புகள் படிக்க இயலாமற்போன காரணங்களையும், பயனர்கள் மேற்கொண்ட மீட்பு வழிகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1999-இல் தட்டச்சு செய்யப்பட்ட களஆய்வுப் பாடல் தொகுப்பு ஒன்றை மீட்ட அனுபவம் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: இயங்குதளம், எழுத்துருக் குறியாக்கம், திஸ்கி, பாமினி, ஒருங்குறி, களஆய்வுத் தரவு

முன்னுரை

இயங்குதளத்தைப் புதிய பதிப்பிற்கு உயர்த்துவது இன்று பயனர் உறங்கும் நேரத்தில் தானே நடந்து முடிந்துவிடுகிறது. 1990-களின் இறுதியிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் வீடுகளில் அது ஒரு முழுநாள் வேலை. கணினி பொருத்துநரை வரவழைத்து, வன்தட்டை அழித்து, குறுந்தகட்டிலிருந்து புதிதாக நிறுவி, ஒலி அட்டைக்கும் அச்சுப்பொறிக்கும் உரிய இயக்கிகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஆங்கிலக் கோப்புகள் முன்போலத் திறந்தன. தமிழ்க் கோப்புகளும் திறந்தன. அவற்றுள் தமிழ் இல்லை.

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரிதும் தரப்படுத்தல் முயற்சிகளையே மையமாகக் கொள்கின்றனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு, அதனையடுத்து தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்கள், தமிழ்99 விசைப்பலகை, ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் ஏற்ற 2010-ஆம் ஆண்டு அரசாணை ஆகியன அவ்வரலாற்றின் அறியப்பட்ட படிநிலைகள். இத்தீர்மானங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பேராசிரியரின் வீட்டு மேசைமேல் இருந்த கணினியில் என்ன நிகழ்ந்தது என்பது அதே அளவிற்குக் கவனம் பெறவில்லை. பல்கலைக்கழகத் துறைகளில் 1995 முதல் 2005 வரை உருவான ஆய்வேடுகளும் களக்குறிப்புகளும் பெரும்பாலும் அத்தகைய மேசைகளிலேயே தட்டச்சாயின என்பதால் இவ்வினா நமக்குரியதாகிறது.

எண்ணும் எழுத்தும்

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், கணினி ஒவ்வோர் எழுத்தையும் 0 முதல் 255 வரையிலான எண்களுள் ஒன்றாகவே சேமித்தது. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்குரியவை. எஞ்சிய 128 இடங்களில் மேற்கைரோப்பிய மொழிகளின் எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துரு செய்தோர் அவ்விடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். கணினியைப் பொறுத்தவரை கோப்பில் இருந்தது இலத்தீன் எழுத்தே. தமிழாகக் காட்டியது எழுத்துரு.

திஸ்கி குறியாக்கத்தில் 'தமிழ்' என்னும் சொல் 190, 193, 162, 250 என்னும் நான்கு எண்களாகச் சேமிக்கப்படும். திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் இதே வரிசை முக்கால் என்னும் பின்னக் குறியாகவும், அழுத்தக்குறி பெற்ற 'ஏ' என்னும் ஆங்கிலப் பேரெழுத்தாகவும், சென்ட் நாணயக் குறியாகவும், அழுத்தக்குறி பெற்ற 'யு' என்னும் சிற்றெழுத்தாகவும் தோன்றும். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் மிகுதியாக வழங்கிய பாமினி எழுத்துரு வேறொரு வழியைக் கைக்கொண்டது. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை அமர்த்தியது. அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும்.

வன்தட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது எழுத்துருக் கோப்புறையும் உடன் அழிந்தது. ஆவணங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டோர் பலர். எழுத்துருக்களையும் நகலெடுக்க வேண்டும் என்பதை அறிந்தோர் சிலரே. இந்நிலையை ஏடு செல்லரித்தலோடு ஒப்பிடுவது நம் வழக்கம். அவ்வொப்புமை முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தையேனும் கண் படிக்கும். இங்கு ஓர் எண்கூடக் குறையாத கோப்பில் ஓர் எழுத்தையும் படிக்க இயலாது.

98-இலிருந்து எக்ஸ்பி

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, தமிழ்ப் பயனர்களுக்கு மிகப்பெரிய முறிவாக அமைந்தது. விண்டோஸ் 95, 98 ஆகியன டாஸ் மரபில் வந்தவை. எக்ஸ்பியோ என்டி மரபினது. பழைய மரபிற்கென எழுதப்பட்ட சாதன இயக்கிகள் புதிய மரபில் இயங்கா. அத்தகைய இயக்கிகளை நம்பியிருந்த விசைப்பலகை மென்பொருள்கள் எக்ஸ்பியில் செயலற்றன. பழைய செயலிகளுக்கென எக்ஸ்பி வழங்கிய இணக்கப் பயன்முறை சாதாரணச் செயலிகள் சிலவற்றிற்கு உதவியது, இயக்கிகளுக்கு உதவவில்லை. பழைய கோப்பை ஒருவாறு படிக்க முடிந்தோரும் அதில் ஓர் எழுத்தைத் திருத்த இயலாத நிலை இதனால் உண்டாயிற்று.

எக்ஸ்பி ஒருங்குறித் தமிழை அறிந்திருந்தது. விண்டோஸ் 2000-இலேயே தமிழுக்கு இடமும் லதா என்னும் எழுத்துருவும் தரப்பட்டிருந்தன. எனினும் எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பில் அவ்வசதி தானாக இயங்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்பிற்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவுமாறு கூறும் கட்டத்தில் குறியிட வேண்டும். அக்கட்டத்தின் பெயரில் தாய்லாந்து மொழி சுட்டப்பட்டிருந்தது. தமிழின் பெயர் இல்லை. தமிழைத் தேடிச் சென்றவர் அதனைத் தாண்டிச் சென்றிருப்பார் என்பதில் வியப்பில்லை. குறியிட்டவுடன் கணினி மூலக் குறுந்தகட்டைக் கேட்கும். உதிரிப் பாகங்களைக் கொண்டு பொருத்தித் தரப்பட்ட வீட்டுக்கணினிகள் பலவற்றில் அக்குறுந்தகடு உரிமையாளரிடம் இருந்ததில்லை.

இவ்வசதி நிறுவப்படாத கணினியில் ஒருங்குறித் தமிழ் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றியது. ஒருங்குறி எழுத்துருவை மட்டும் வேறிடத்திலிருந்து பெற்று நிறுவியோருக்கு மற்றொரு குறை தென்பட்டது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யின் முன்னர் நில்லாது பின்னர் நின்றன. ஒருங்குறியில் 'கெ' என்பது ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் கொண்டு ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது இயங்குதளத்தின் பணி. அப்பணி நடைபெறாதபோது அகவரிசை அப்படியே வெளிப்பட்டது. இதனைக் கண்டோர் ஒருங்குறியே பிழையானது என்று முடிவு செய்து பழைய எழுத்துருவிற்கே திரும்பியதும் உண்டு. ஒருங்குறியின் மீதான அக்கால ஐயங்களுள் ஒரு பகுதியேனும் குறியிடப்படாத இக்கட்டத்திலிருந்து பிறந்தது என்பது கட்டுரையாளரின் கருத்து.

ஓசையின்றி மாறியவை

கோப்பு முழுவதும் குலைந்தால் பயனர் உடனே அறிவார். ஓர் எழுத்து மட்டும் மாறினால் அறியார். இவ்வகை மாற்றங்களே ஆய்வாளருக்குக் கூடுதல் இடர் தருவன.

விண்டோஸ் 98-இல் மேற்கைரோப்பியக் குறிப்பட்டியலின் 128-ஆம் இடத்தில் யூரோ நாணயக் குறி சேர்க்கப்பட்டது. 142, 158 ஆகிய இடங்களும் புதிதாக நிரப்பப்பட்டன. அதுவரை வெற்றிடமாக இருந்த அவற்றைத் தமிழ் வடிவங்களுக்குப் பயன்படுத்திய எழுத்துருக்களில், புதிய இயங்குதளம் அவ்வெண்களை வேறு முகவரியில் தேடியது. அங்கு வடிவம் இல்லையெனில் எழுத்து மறைந்தது.

173-ஆம் இடம் மேலும் நுட்பமானது. இலத்தீன் பட்டியலில் அது மென்சிறுகோடு, அதாவது வரியின் இறுதியில் சொல் உடையும்போது மட்டும் வெளிப்படும் குறி. திஸ்கியில் இகரம் அவ்விடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வெண்ணைக் கண்ட செயலிகள் சில அதனைக் காட்டாது மறைத்தன. சில, கோப்பை வேறு வடிவிற்கு மாற்றும்போது நீக்கிவிட்டன. திஸ்கியின் பிற்காலப் பதிப்பில் இகரத்திற்கு மாற்றிடம் தரப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஆங்கில இடங்களையே பயன்படுத்திய பாமினிக்கு இத்தகைய தொல்லைகள் இல்லை. அதற்கு வேறொரு பகை இருந்தது. இயங்குதளத்தோடு சொற்செயலியும் புதிதாக நிறுவப்படுகையில் தானியங்கித் திருத்தம் இயல்புநிலைக்குத் திரும்பும். அது தொடரின் முதல் எழுத்தைப் பேரெழுத்தாக்கும். பாமினியில் ஜே என்னும் சிற்றெழுத்து தகரம், பேரெழுத்து 'து'. எனவே தொடரின் தொடக்கத்தில் அடித்த 'தமிழ்' என்பது 'துமிழ்' ஆயிற்று. மகரத்தில் தொடங்கும் சொல்லும் இவ்வாறே 'மு' எனத் தொடங்கும். அக்காலத் தட்டச்சுப் படிகளில் காணப்படும் இத்தகைய பிழைகளை எழுதியவரின் அறியாமையாகவோ வட்டார வழக்காகவோ கொள்வதற்கு முன்னர் எழுத்துருவை ஆராய்தல் வேண்டும்.

ஒரு தொகுப்பின் மீட்பு

கட்டுரையாளரின் நெறியாளர் 1999-இல் தாலாட்டும் ஒப்பாரியுமாக 64 பாடல்களைத் திரட்டி, தம் இல்லத்துக் கணினியில் விண்டோஸ் 98-இன்கீழ் தட்டச்சு செய்தார். அதற்குப் பயன்பட்ட தமிழ் மென்பொருள் விலைக்கு வாங்கப்பட்டது. கணினியின் அச்சுப்பொறி வாயிலில் பொருத்தும் சிறு பூட்டு இன்றி இயங்காது. 2003-இல் அக்கணினி எக்ஸ்பிக்கு மாற்றப்பட்டபோது மென்பொருள் இயங்கவில்லை. பின்னர் வந்த கணினிகளில் அவ்வாயிலே இல்லை. பூட்டு இன்றும் அவருடைய மேசை அறையில் உள்ளது. (அதனைத் தூக்கியெறிய அவருக்கு மனம் வரவில்லை.)

2022-இல் குறுந்தகட்டைத் திறந்தபோது இரண்டு வகைக் கோப்புகள் கிடைத்தன. 31 பாடல்கள் சொற்செயலி ஆவணங்களாகவும், எஞ்சிய 33 பாடல்கள் பின்னொரு காலத்தில் வேறு செயலி வழியாக மாற்றப்பட்ட வெற்றுரைக் கோப்புகளாகவும் இருந்தன. சொற்செயலி ஆவணத்தில், நிறுவப்படாத எழுத்துருவின் பெயரும் பதிவாகியிருக்கும். அப்பெயர் தெரிந்தும் எழுத்துரு கிட்டவில்லை. பொதுவான மாற்றிகள் திஸ்கி, டாப், டாம், பாமினி முதலிய அறியப்பட்ட குறியாக்கங்களுக்கே உதவின. இது அவற்றுள் எதுவும் அன்று.

நெறியாளரின் அச்சிட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 12 பாடல்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றையும் அவற்றிற்குரிய ஆவணங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்த எண் எந்த வடிவம் என்று பட்டியலிட்டோம். ஒருமொழி அறிந்து மற்றொன்றைப் படிக்கும் இருமொழிக் கல்வெட்டு முறையே இது. கொம்புகள் மெய்யின் முன்னர் சேமிக்கப்பட்டிருந்தமையால் ஒருங்குறிக்கு மாற்றுகையில் வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று வாரங்களில் 31 பாடல்களும் குறையின்றிக் கிடைத்தன.

வெற்றுரைக் கோப்புகளில்தான் இடர் எழுந்தது. இவ்வெழுத்துருவில் 173-ஆம் இடத்தில் ளகரம் இருந்தது. மாற்றிய செயலி அதனை இடைவெளியின் தடயமுமின்றி நீக்கியிருந்தது. 'குளம்' என்பது 'கும்' என நிற்கும்போது இழப்பு வெளிப்படை, நிரப்பிவிடலாம். 'இளமை' என்பது 'இமை' ஆகும்போது அதுவும் பொருளுடைய சொல்லே. ஒப்பாரியில் இரண்டிற்கும் இடமுண்டு. தாலாட்டில் 'வளர', 'வர' என்னும் இரண்டும் மிக இயல்பானவை. பிள்ளை வளர வேண்டும் எனத் தாய் பாடினாளா, வர வேண்டும் எனப் பாடினாளா என்பதைக் கோப்பு சொல்லாது. பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணின் பாடலில் இவ்வேறுபாடு பாடலின் பொருளையே மாற்றிவிடும்.

இத்தகைய ஐயம் 22 இடங்களில் எழுந்தது. களத்தில் பதிவு செய்த ஒலிநாடாக்களுள் ஐந்து மட்டும் ஓடும் நிலையில் இருந்தன. அவற்றைக் கேட்டு 13 இடங்களை உறுதி செய்தோம். பாடியவர்களுள் இருவர் உயிருடன் இருப்பதாக அறிந்து சென்றபோது, ஒருவர் அப்பாடலை இப்போது வேறு சொற்களால் பாடினார். அதனை 1999-ஆம் ஆண்டுப் பாடமாகக் கொள்ள இயலாது என்பதால் தனிப் பாடமாகப் பதிந்துள்ளோம்.

பின்வந்த மாற்றங்கள்

2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு எக்ஸ்பியிலிருந்து நேரடி மேம்பாடு கிடையாது. புதிதாகவே நிறுவ வேண்டும். வன்தட்டை அழிக்காமல் நிறுவினால் பழைய அமைப்பு முழுவதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறைக்குள் சென்று சேரும். பழைய எழுத்துருக்களும் அதனுள் இருக்கும். இதனை அறிந்தோர் அவற்றை மீட்டனர். அறியாதோர் இடத்தை அடைக்கும் குப்பையென வட்டுத் தூய்மிப்பில் நீக்கினர். 64 பிட் பதிப்புகளில் 16 பிட் செயலிகள் அறவே இயங்கா. அதற்கு மாற்றாக விண்டோஸ் 7 வழங்கிய எக்ஸ்பி பயன்முறை, தொழில்முறைப் பதிப்பிற்கும் அதற்கு மேற்பட்டவற்றிற்கும் மட்டுமே உரியது; வீட்டுப் பதிப்பினருக்குக் கிட்டவில்லை.

2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் ஒருங்குறித் தமிழ் எவ்வித முயற்சியுமின்றித் தெரிகிறது. ஆயின் லதா எழுத்துரு விருப்பக் கூறாக மாற்றப்பட்டது. தமிழை மொழியாகச் சேர்க்காத கணினியில் அது இராது. லதாவில் அமைந்த ஆய்வேட்டை அங்குத் திறந்தால் நிர்மலா முதலிய வேறு எழுத்துரு அவ்விடத்தை ஏற்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகளும் பக்கங்களும் நகரும். கையால் பக்க எண் இட்ட பொருளடைவு அதன்பின் பயன்படாது. அமைப்புகளில் தமிழ்த் துணை எழுத்துருக்களை நிறுவினால் இக்குறை நீங்கும்.

நெறியாளரின் தொகுப்பில் ஐயம் தீராத 9 இடங்களையும் அணியமாகிவரும் பதிப்பில் இரு பாடங்களுடனும் அச்சிடுகிறோம். எண்களின் மூல வரிசையைப் பின்னிணைப்பாகத் தருகிறோம்.