பச்சிளம் குழந்தையின் தூக்கம்: எந்தத் துணி, எந்தப் போர்வை?

பிள்ளை பிறந்த வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஏழாம் நாள் அகீகாவுக்குள் ஓர் அலமாரி நிறையத் துணி சேர்ந்துவிடும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மாமா கனத்த கம்பளி கொடுப்பார். தஞ்சாவூர்க் கடைவீதியிலிருந்து தலையணையோடு குட்டி மெத்தை வரும். நன்னி தன் பங்குக்குப் பழைய வேட்டியைத் துவைத்து, கிழித்து, மடித்து வைத்திருப்பார். திருக்காட்டுப்பள்ளி போன்ற டெல்டா ஊர்களின் வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் இவற்றில் மிகவும் ஏற்றது நன்னியின் வேட்டித் துணிதான். காரணத்தைப் பார்ப்போம்.

ஏன் இந்தக் கவனம்?

முகத்தில் ஒரு துணி விழுந்தால் அதை விலக்கப் பச்சிளம் குழந்தைக்குத் தெரியாது. தலையைத் தூக்கித் திருப்பிக்கொள்ளும் பலமும் இல்லை. நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். ஒரு வயதுக்குள் நிகழும் இது, முதல் மாதம் முடிந்து நான்காம் மாதம் வரையிலான காலத்தில்தான் அதிகம்.

அமெரிக்காவில் 1994இல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. படுக்க வைக்கும் முறையை மாற்றியதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

படுக்கை எப்படி இருக்க வேண்டும்?

சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் குழிந்து நிற்கும் பஞ்சு மெத்தை வேண்டாம். கோரைப் பாயின் மேல் பருத்தி விரிப்பை மடித்து, சுருக்கம் இல்லாமல் விரித்தால் போதும். பகலானாலும் இரவானாலும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலையணை, பக்கத்தில் அணைக்கும் உருளைகள், பொம்மை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் வட்டத் தலையணைக்கும் இது பொருந்தும்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015ஆம் ஆண்டு முதல் பரிசுப் பெட்டகம் வழங்கப்பட்டது. அதிலிருந்த 16 பொருட்களில் துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை ஆகியவையும் உண்டு. பின்லாந்தில் 1938 முதல் இதுபோன்ற பெட்டி கொடுக்கிறார்கள். அந்த அட்டைப் பெட்டிக்குள் சிறு மெத்தையை விரித்து, அதையே குழந்தையின் முதல் படுக்கையாக்கியவர்கள் பலர். குழந்தைக்குத் தேவை தனக்கென்று ஒரு சிறு இடம், அவ்வளவுதான். டெல்டாவின் கொசுவுக்குப் போர்வையைவிட வலைதான் சரியான மறைப்பு. குழந்தையின் முகத்தில் படாதபடி உயரமாக, இழுத்துக் கட்டுங்கள்.

அந்த இடம் தாயின் கைக்கு எட்டும் தூரத்தில், தனிப் பாயாக இருப்பது நல்லது. குறைந்தது ஆறு மாதம் ஒரே அறையில் தூங்கட்டும். இரண்டு பெரியவர்களுக்கு நடுவிலோ, சோபாவிலோ, புகைபிடிப்பவர் பக்கத்திலோ குழந்தையைத் தூங்க வைக்க வேண்டாம்.

சுற்றுவதற்கான துணி

கருவறையில் ஒடுங்கியிருந்த குழந்தை, துணியில் சுற்றினால் திடுக்கிடாமல் தூங்கும். சுற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. சுற்றுவதானால் இவற்றைக் கவனியுங்கள்:

- காற்றுப் புகும் மெல்லிய பருத்தி: மல் துணி அல்லது பழைய வேட்டி. ஒரு மீட்டர் சதுரம் போதும். பாலியஸ்டரும் கம்பளியும் வேண்டாம்.
- புதுத் துணியானால் ஒருமுறை துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.
- துணி தோளுக்கு மேல் ஏறக் கூடாது. மார்புக்கும் துணிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.
- கால்களை நீட்டி இறுக்கக் கூடாது. தவளைக் கால்போல மடங்கி விரிய இடம் விடுங்கள். இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். ஜப்பானில் 1970களில் கால்களை நீட்டிச் சுற்றும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது.
- குழந்தை புரள முயலத் தொடங்கியதும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் அந்த அறிகுறி தெரியும். சுற்றிய நிலையில் குப்புற விழுந்தால் குழந்தையால் மீள முடியாது.

போர்வை வேண்டுமா?

ஒரு வயது வரை படுக்கையில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது. குளிராக இருந்தால் உடுப்பில் ஓர் அடுக்கைக் கூட்டுங்கள். மார்கழிப் பனியில் முழுக்கைச் சட்டையும் அதன் மேல் ஒரு மெல்லிய சுற்றுத் துணியும் பெரும்பாலும் போதும். மாமா கொடுத்த கம்பளியைப் பெரியவர்கள் போர்த்திக்கொள்ளலாம்.

நாற்பது கழியும் வரை சன்னலைச் சாத்தி, குழந்தையைப் பொதிந்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் இது ஆபத்து. அளவுக்கு மீறிய சூடும் திடீர் சிசு மரணத்துக்கு ஒரு காரணியாகக் கருதப்படுகிறது. மின்விசிறி போடலாம். கையும் காலும் சில்லென்று இருப்பது பச்சிளம் குழந்தைக்கு இயல்பு. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். வியர்வை இருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள்.

முடி களைந்த பிறகு தலை குளிருமே என்று தூங்கும்போதும் தொப்பி போடுவதுண்டு. குழந்தையின் உடல் தலை வழியாகத்தான் அதிகச் சூட்டை வெளியேற்றுகிறது. அந்தத் தொப்பி கழன்று மூக்கையும் மூடலாம். வெளியே போகும்போது போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கழுத்தில் கட்டிய கயிறு, சங்கிலி எதுவானாலும் தூக்கத்தில் வேண்டாம். சாம்பிராணியும் பகூரும் குழந்தை இருக்கும் அறையில் தவிர்க்க வேண்டியவை.

தூளி

தூளியில் ஆடாமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அதில் கால்கள் மடங்கியிருப்பது இடுப்புக்கு நல்லது. ஆனால் முதுகு வளைந்து மோவாய் மார்பில் முட்டினால் மூச்சுக்குழல் நெருக்கப்படும், துணியின் விளிம்பும் முகத்தின் மேல் கூடிவிடும். ஆகவே தாலாட்டித் தூங்க வைக்க, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூளி. தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். துணியை விரித்துப் பிடிக்கும் கட்டையைப் போடுங்கள், தரைக்கு அருகில் தாழ்வாகக் கட்டுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டாம்.

எடை குறைந்த குழந்தை

இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு எந்தப் போர்வையையும்விட நல்லது தாயின் நெஞ்சுச் சூடு. கங்காரு முறை என்று சொல்லப்படும் இது 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அத்தாவும் நன்னியும்கூடச் செய்யலாம். அணைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு

பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போதல், 35.5க்குக் கீழே இறங்குதல் ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இரவானாலும் 108ஐ அழையுங்கள்.

அகீகாவுக்குப் போகும்போது என்ன வாங்குவது என்று யோசிப்பவர்கள், கம்பளிக்குப் பதில் நாலு மல் துணியும் ஒரு கொசுவலையும் வாங்கிக்கொண்டு போகலாம். அந்தப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே உதவும்.