ஆளும் தளவாடமும்: சுருங்கும் படையின் செலவுக் கணக்கு (பிரிட்டன், 1990–2025)

பாதுகாப்புக்கென ஒரு நாடு ஒதுக்கும் பணம் மூன்று வழிகளில் செலவாகிறது. படையினரின் சம்பளம், படிகள், ஓய்வூதியம், குடியிருப்பு ஆகியவை முதல் வழி. கப்பல், விமானம், கவச வாகனம் போன்ற தளவாடங்களை வாங்குவது இரண்டாவது. வாங்கியவற்றை இயங்கும் நிலையில் வைத்திருக்கத் தேவைப்படும் எரிபொருள், உதிரி பாகம், பழுதுபார்ப்பு, பயிற்சி ஆகியவை மூன்றாவது. படை பெருகும் காலத்தில் மூன்றும் சேர்ந்தே வளர்வதால் அவற்றுக்கிடையே பூசல் எழுவதில்லை. படை சுருங்கும்போதுதான் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிக்கத் தொடங்குகிறது. அந்தப் போட்டியில் எது தோற்கும் என்பதைப் போர்த் தேவை முடிவு செய்வது அரிது; எந்தச் செலவை உடனே நிறுத்த முடியுமோ அதுவே தோற்கிறது. பனிப்போர் முடிந்த பிறகு பிரிட்டன் கடந்து வந்த முப்பத்தைந்து ஆண்டுகள் இதற்குப் போதிய சான்று தருகின்றன. ஆளைக் குறைத்தால் மிச்சமாகும் பணம் தளவாடத்தை வலுப்படுத்தும் என்பது அங்கு அடுத்தடுத்து வந்த அரசுகளின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

குறைப்பு 1990 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சர் டாம் கிங் அறிவித்த திட்டத்துடன் தொடங்கியது. ஏறத்தாழ 1,55,000 பேர் இருந்த தரைப்படை 1,20,000 ஆகக் குறைய வேண்டும் என்றது அத்திட்டம். சோவியத் அச்சுறுத்தல் மறைந்த சூழலில் அதை நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒருமுறையோடு நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டின் பாதுகாப்பு மறுஆய்வு தரைப்படைக்கு 95,500 என்று இலக்கு வைத்தது. ஓரிரு ஆண்டுகளில் அது 82,000 ஆயிற்று. 2021இல் 73,000 ஆயிற்று. 1998இல் 32 ஆக வகுக்கப்பட்ட ஃபிரிகேட், டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல்களின் எண்ணிக்கை 2010இல் 19க்கு இறங்கியது. 1990இல் சுமார் மூன்று லட்சம் பேரைக் கொண்டிருந்த முப்படைகளின் முழுநேரப் பலம் 2024இல் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆள்பலம் பாதிக்கும் மேலாகக் குறைந்தும் தளவாடக் கணக்கில் துண்டு விழுவது நிற்கவில்லை. இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் தளவாடச் செலவின் இயல்பிலேயே இருக்கிறது.

போர்த் தளவாடம் தலைமுறைக்குத் தலைமுறை விலை ஏறுகிறது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் புதிய விமானம் தான் மாற்றீடு செய்யும் பழைய விமானத்தைவிடப் பன்மடங்கு செலவு வைக்கிறது. இதே போக்கு நீடித்தால் 2054இல் அமெரிக்காவின் முழுப் பாதுகாப்பு நிதிக்கும் ஒரே ஒரு விமானம்தான் வாங்க முடியும் என்று விமானத் தொழில்துறையைச் சேர்ந்த நார்மன் அகஸ்டின் முன்பே கணக்கிட்டுக் காட்டினார். விலை ஏறும்போது வாங்கும் எண்ணிக்கை குறைக்கப்படுகிறது. அப்போது ஆராய்ச்சிக்கும் வடிவமைப்புக்கும் ஆன செலவு குறைந்த எண்ணிக்கையின் மீது விழுந்து ஒவ்வொன்றின் விலையையும் மேலும் உயர்த்துகிறது. டைப் 45 வகை டெஸ்ட்ராயர்கள் பன்னிரண்டு என்று திட்டமிடப்பட்டு ஆறு மட்டுமே கட்டப்பட்டது இவ்வாறுதான். பாதுகாப்புக் கொள்முதலை ஆராய்ந்து பெர்னார்ட் கிரே 2009இல் அளித்த அறிக்கை, ஒரு திட்டம் சராசரியாக ஐந்தாண்டு தாமதமாவதையும் தொடக்க மதிப்பீட்டைவிட 40 சதவீதம் கூடுதல் செலவாவதையும் எடுத்துக்காட்டியது. இத்தகைய செலவோடு போட்டியிட்டு ஆட்குறைப்பு எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது கரைந்துபோகும்.

அடுத்த காரணம் காலம் சார்ந்தது. ஆள்சேர்ப்பை நிறுத்தினால் அந்த நிதியாண்டிலேயே சேமிப்பு தெரிகிறது. தளவாட ஒப்பந்தத்தை நிறுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கிறது. கப்பல் கட்டும் ஊர்களில் வேலையிழப்பு அரசியல் சிக்கலாகிறது. குயீன் எலிசபெத் வகையைச் சேர்ந்த இரு விமானந்தாங்கிக் கப்பல்களின் கதை இதைக் காட்டும். அன்றைய ஆண்டு நிதி நெருக்கடியைச் சமாளிக்க 2008 இறுதியில் கட்டுமானம் மெதுவாக்கப்பட்டது. அந்த ஒரு முடிவே மொத்தச் செலவில் 100 கோடி பவுண்டுக்கு மேல் கூட்டியது. இரண்டாவது கப்பலைக் கைவிடுவது அதைக் கட்டி முடிப்பதைவிட அதிகச் செலவு பிடிக்கும் என்று 2010இல் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பாதுகாப்பு நிதியில் 3,800 கோடி பவுண்டு பற்றாக்குறை இருப்பதாக அரசு சொல்லிவந்த வேளை அது. ஒப்பந்தத்தில் கை வைக்க முடியாத நிலையில் மீதி இருந்தது ஆள்தான்.

2010 அக்டோபரில் தரைப்படையில் 7,000 பேர், கடற்படையில் 5,000 பேர், விமானப்படையில் 5,000 பேர், அமைச்சகத்தின் சிவில் ஊழியர்களில் 25,000 பேர் குறைக்கப்படுவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளாகப் பணிநீக்கம் நடந்தது. மிஞ்சியவர்களின் சம்பளம் இரண்டு ஆண்டுகள் உயராமல் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு சில ஆண்டுகள் ஒரு சதவீத உயர்வே கிடைத்தது. இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. பணிநீக்கம் முடியும் முன்பே, 2014இல், பொறியியல் பணியாளர் பற்றாக்குறையைச் சமாளிக்க அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலிருந்து ஆட்களைப் பெறக் கடற்படை ஏற்பாடு செய்தது. படைவீரர்களை ஆள்சேர்ப்பு வேலையிலிருந்து விடுவித்துச் செலவையும் குறைப்பதற்காக, 2012இல் தரைப்படை ஆள்சேர்ப்புப் பொறுப்பைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2013இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தேவையில் 21 முதல் 45 சதவீதம் வரை குறைவாகவே ஆள் கிடைத்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் கண்டறிந்தது. குறைக்கப்பட்ட இலக்கைக்கூட நிரப்ப முடியவில்லை என்பதைத் தற்செயலான நிர்வாகக் குறையாகக் கருதுவது தவறு. தொடர்ந்து ஆட்குறைப்பு நடக்கும் வேலையை இளைஞர்கள் தேடி வருவதில்லை.

படையின் அமைப்பு முறை இந்த இழப்பை இன்னும் கடுமையாக்குகிறது. மற்ற தொழில்களில் அனுபவமுள்ள ஒருவரை வெளியிலிருந்து நேரடியாக நியமித்துவிடலாம். படையில் அனைவரும் அடிமட்டத்தில் சேர்ந்து படிப்படியாகவே உயர வேண்டும். பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள சார்ஜன்ட் உருவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவை. ஓர் ஆண்டு ஆள்சேர்ப்பை வெட்டினால் அந்த ஆண்டு அணியில் விழும் இடைவெளி படிப்படியாக மேலேறி, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏதோ ஒரு பதவி நிலையில் வெற்றிடமாகத் தெரியும். கருவியின் இழப்பைப் பணத்தால் சில ஆண்டுகளில் ஈடுசெய்யலாம். அனுபவத்தின் இழப்பை ஈடுசெய்வதை எந்தப் பணத்தாலும் விரைவுபடுத்த முடியாது. ஆட்செலவையும் தளவாடச் செலவையும் ஒரே தராசில் வைத்து, இங்கே ஒரு பவுண்டு குறைத்தால் அங்கே ஒரு பவுண்டு கூடும் என்று கணக்கிடும் நிதித் துறையின் வழக்கம் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

கடல்சார் ரோந்து விமானங்களின் வரலாறு இந்த வாதத்துக்கு வலுவான சான்று என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் நிம்ராட் விமானத்தின் புதிய வடிவம் 1996இல் 21 விமானங்களுக்காக ஒப்பந்தமாயிற்று. எண்ணிக்கை படிப்படியாக ஒன்பதுக்கு இறங்கியது. செலவு 300 கோடி பவுண்டைத் தாண்டியது. 2010இல் பழைய நிம்ராட் விமானங்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் புதிய திட்டமும் ரத்தானது. கட்டி முடிக்கும் நிலையில் இருந்த விமானங்கள் உடைத்து அழிக்கப்பட்டன. இங்கே வெட்டப்பட்டது தளவாடம். இயங்காத ஒன்றைக் கைவிட்டதில் நிதி நியாயமும் இருந்தது. ஆனால் அத்துடன் பல்லாண்டுப் பயிற்சியால் உருவான ஒரு திறமையும் அழியும் நிலை வந்தது. ஒலிக் குறிப்புகளைக் கேட்டு நீர்மூழ்கியை அடையாளம் காணும் ஆற்றல் சில மாதப் பாடத்தில் வருவதன்று. அதைக் காக்க, சீட்கார்ன் என்ற திட்டத்தின் கீழ்ச் சிறு எண்ணிக்கையிலான விமானப் பணியாளர்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் படைகளுடன் பறக்க அனுப்பப்பட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டன் கடுமையாகவே சங்கடப்பட்டது: 2014 இறுதியில் ஸ்காட்லாந்துக்கு அப்பால் அந்நிய நீர்மூழ்கி நடமாட்டம் பற்றிய ஐயம் எழுந்தபோது நேச நாடுகளின் விமானங்களை அழைக்க வேண்டியிருந்தது. 2015இல் ஒன்பது பி-8 ரோந்து விமானங்கள் வாங்க முடிவாகி, முதல் விமானம் 2020 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கியது. வெளிநாடுகளில் பறந்துகொண்டிருந்தவர்களை மையமாக வைத்தே புதிய அணி உருவாக்கப்பட்டது. பத்தாண்டு இடைவெளியைத் தாண்டி அந்தத் திறன் மீண்டதற்குக் காரணம் மிகக் குறைந்த செலவில் தக்கவைக்கப்பட்ட அந்தச் சிலர். சுருங்கும் படையில் எதை வெட்டினாலும் எதை மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்குப் பிரிட்டன் அளித்த சிறந்த விடை இதுவே. அது விதிவிலக்காக நின்றுவிட்டது வருந்தத்தக்கது.

குடியிருப்பு விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. 1996இல் படையினரின் குடும்பங்கள் வாழ்ந்த 57,000க்கும் மேற்பட்ட வீடுகள் 166 கோடி பவுண்டுக்குத் தனியாருக்கு விற்கப்பட்டு, அமைச்சகமே அவற்றை வாடகைக்கு எடுத்தது. பழுதுபார்க்கும் பொறுப்பு அமைச்சகத்திடமே இருந்தது. வீட்டு விலை உயர்வின் பயன் வாங்கியவருக்குப் போயிற்று. சொத்தை இழந்த அமைச்சகம் பராமரிப்பிலும் சிக்கனம் பிடித்ததால் ஒழுகும் கூரையும் பூசணம் பிடித்த சுவரும் படைக் குடும்பங்களின் நெடுங்காலப் புகாராயின. 2025 ஜனவரியில் 36,000க்கு மேற்பட்ட வீடுகளை அரசு ஏறத்தாழ 600 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஆட்செலவில் சேமிப்பதாக எண்ணிச் செய்த ஒன்று பன்மடங்கு இழப்பாக முடிந்ததோடு, பணியில் இருப்பவர்களின் மனத்தையும் கசக்கச் செய்தது.

மூன்றாவது தலைப்பான பராமரிப்பு எந்த விவாதத்திலும் பெரிதாகப் பேசப்படுவதில்லை; அதனாலேயே அது சத்தமின்றி வெட்டுப்படுகிறது. ஒரு கப்பலுக்கு வேண்டிய உதிரி பாகத்தை இன்னொரு கப்பலிலிருந்து கழற்றி மாட்டும் வழக்கம் கடற்படையில் 2012க்குப் பின் ஐந்தாண்டுகளில் 49 சதவீதம் கூடியதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017இல் கணக்கிட்டது. கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் இருமுறை உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைத் தருபவர்களும் ஏற்கெனவே பற்றாக்குறையில் உள்ள பொறியியல் பணியாளர்களே.

ஆளின் இடத்தைக் கருவியால் நிரப்ப முடியும் என்னும் எதிர்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. குயீன் எலிசபெத் வகை விமானந்தாங்கி, முந்தைய இன்வின்சிபிள் வகையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ளது. கப்பலை இயக்கும் மாலுமிகளோ இரண்டிலும் ஏறத்தாழ 700 பேர்தான். 250க்கும் மேற்பட்டோர் தேவைப்பட்ட டைப் 42 டெஸ்ட்ராயரின் இடத்தில் வந்த டைப் 45க்குச் சுமார் 190 பேர் போதும். எனினும் தானியக்கம் எண்ணிக்கையைக் குறைக்கும்போதே ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கும் தேர்ச்சியை உயர்த்துகிறது. பெரிய குழுவில் நான்கு பேர் இல்லாவிட்டால் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். சிறிய குழுவில் தேர்ந்த ஒரு பொறியாளர் இல்லாவிட்டால் கப்பல் துறைமுகத்திலேயே நிற்கும். 2024 நவம்பரில் ஆல்பியன், புல்வார்க் என்னும் தரையிறக்கக் கப்பல்களும் வேவ் வகை எரிபொருள் கப்பல்கள் இரண்டும் பணியிலிருந்து விலக்கப்படும் என்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் ஹீலி அறிவித்தார். அவற்றை ஓட்டப் போதிய ஆளின்றி அவை ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போகாமல் கிடந்தன. ஆளைக் குறைத்துக் காத்த தளவாடம் ஆளில்லாமலே கைவிடப்பட்டது.

எதிர்த்திசையில் சென்றால் என்னாகும் என்பதற்கு பெல்ஜியம் சான்று. பணிப்பாதுகாப்பு மிக்க, வயதேறிய படையைக் கலைக்க மனமின்றி, 2010களின் நடுப்பகுதியில் அந்நாடு பாதுகாப்பு நிதியில் நான்கில் மூன்று பங்கை ஆட்செலவுக்கே கொடுத்தது; தளவாடத்துக்குப் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. 2014இல் வேல்ஸில் கூடிய நேட்டோ நாடுகள், பாதுகாப்புச் செலவில் 20 சதவீதமாவது முக்கியத் தளவாடத்துக்குப் போக வேண்டும் என்று உறுதி பூண்டது இத்தகைய நிலையை மனத்தில் வைத்துத்தான். அந்த அளவுகோல் பெல்ஜியத்தின் குறையைச் சரியாகச் சுட்டுகிறது. பிரிட்டனின் குறையை அது காட்டவே இல்லை: அந்நாடு 20 சதவீத இலக்கைத் தாண்டியபடியே ஆளில்லாக் கப்பல்களை நோக்கி நகர்ந்தது. தளவாடத்துக்குக் குறைந்தபட்சம் வகுக்கும் விதி, பயிற்சி பெற்ற ஆளுக்கும் உதிரி பாகத்துக்கும் குறைந்தபட்சம் வகுக்காத வரை பாதி விதியே.

பிரிட்டனின் நெருக்கடி தணிவதற்கான அறிகுறி அண்மைக் கணக்குகளில் இல்லை. 2023 முதல் 2033 வரையான தளவாடத் திட்டத்தின் மதிப்பு 30,550 கோடி பவுண்டு. அதற்கு ஒதுக்கப்பட்ட நிதியோ 1,690 கோடி குறைவு. ஓராண்டில் ஏறிய செலவில் பெரும்பகுதி, 3,820 கோடி, அணுவாயுத நீர்மூழ்கித் திட்டங்களால் வந்தது. அவற்றுக்கான நிதி தனியே பாதுகாக்கப்பட்டிருப்பதால் சுமை முழுவதும் மற்றவற்றின் மேல் இறங்குகிறது. 2021க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் படையில் சேர்ந்தவர்களைவிட விலகியவர்களே மிகுதியாக இருந்தனர். 2025 ஜூனில் வெளியான மறுஆய்வை ஒட்டி, தரைப்படையை அடுத்த நாடாளுமன்றக் காலத்தில் 76,000 ஆக உயர்த்தும் எண்ணத்தை அரசு தெரிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைந்துவந்த எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றிய பேச்சு எழுந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் 2011க்கும் 2014க்கும் இடையே பணிநீக்கம் செய்யப்பட்டவர்களும் அப்போது சேர்க்கப்படாதவர்களுமே இன்று சார்ஜன்டுகளாகவும் மேஜர்களாகவும் இருந்து புதியவர்களுக்குப் பயிற்சி தந்திருக்க வேண்டியவர்கள். அந்த வெற்றிடத்தை 2025இன் நிதி ஒதுக்கீடு எதுவும் 2035க்கு முன் நிரப்பாது.