எலியட் போட்ட ஓட்டையை மூடுவது யார்?

நெம்மேலி பக்கம் கடலுக்குப் போற அண்ணன் ஒருத்தர் வந்திருந்தார். கிளாக்கோமா ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம். "வலி இல்ல டாக்டர், அதான் சொட்டு மருந்தை நிறுத்திட்டேன்." கண் சிவப்பா இருந்துச்சு. அழுத்தம் மறுபடி 30.

அவருக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதறேன்.

கிளாக்கோமாவில் கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியா வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பழுதாகும். போன பார்வை திரும்பாது. 1819ல் தொடங்கிய நம்ம எழும்பூர் கண் மருத்துவமனையில் 1909ல் ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழி ஓரத்தில் சின்ன வட்டத் துளை போட்டு, நீரை மேல்சவ்வுக்கு அடியில் வடியவிட்டார். மெட்ராஸ் ஆபரேஷன் உலகம் பூரா பரவுச்சு. (பெசன்ட் நகர் பீச் எலியட் வேற ஆள். இவர் பின்னாளில் லண்டனில், இந்தியக் கயிறு வித்தையைச் செஞ்சு காட்டினா 500 கினி தர்றோம்னு அறிவிச்ச மந்திரவாதிகள் குழுவுக்குத் தலைவர்!)

1968ல் கேம்பிரிட்ஜின் கெய்ன்ஸ் துளைக்கு மேல் ஒரு மூடி வெச்சு, பாதுகாப்பாக்கினார். இன்னிக்கும் செய்றது அதன் வழிவந்ததுதான். ஆனா வழி தூர்ந்துபோற பிரச்சினை மட்டும் தீரல.

ஏன்னா உடம்புக்கு இது ஒரு காயம். வெட்டினது டாக்டரா, தூண்டில் முள்ளான்னு அதுக்குத் தெரியாது. முதல்ல நியூட்ரோஃபில்கள் வரும். பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள், 1882ல் மெச்னிகோவ் நட்சத்திர மீனின் இளம் புழுவில் பார்த்த அதே விழுங்கும் செல்கள். இவை குப்பையைத் தின்னும், கூடவே டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையையும் விடும். டி செல்களும் சேரும். சவ்வுக்கு அடியில் சும்மா கிடந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் எழுந்து, கொலாஜன் நார் பின்னி, இழுத்துச் சுருக்கும். அழற்சி அடங்கலைன்னா ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். கோவளம் முகத்துவாரத்தை மணல் மூடுமே, அப்படித்தான். வருஷக்கணக்கா சொட்டு மருந்து போட்ட கண்ணில் சவ்வு ஏற்கெனவே அழற்சியோட இருக்கும். அங்கே இன்னும் வேகம்.

1983ல் தைவானில் சென், மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைத் தடவி ஃபைப்ரோபிளாஸ்ட்களை அடக்கினார். பலன் பெரிசு, ஆனா சவ்வு மெலிஞ்சு தொற்று வரும் ஆபத்தும் உண்டு. டிஜிஎஃப்-பீட்டா 2ஐ மட்டும் தடுக்கும் எதிர்ப்பொருள் 2007ல் வெளியான சோதனையில் தோத்துப்போச்சு. ஒரு தூதுவனைப் பிடிச்சா செய்தி நிக்கல. அதனால ஸ்டீராய்டு சொட்டு இன்னிக்கும் அவசியம்.

அண்ணன் கேட்டுட்டுச் சொன்னார்: "முகத்துவாரம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனே."

தப்பு என் மேலதான். லேசரில் ஒரு தையலை விட்டுட்டு, சொட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கோம். அழுத்தம் இப்போ 18. வியாழன் வரச் சொல்லியிருக்கேன்.