பழைய இரும்புக்குப் போடும் முன்: ஒரு சைக்கிள் செயினின் கணக்கு



சென்ற பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். கார் நிறுத்துமிடத்தின் பின்சுவரை ஒட்டிக் கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை, மாத இறுதிக்குள் உரியவர்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்பதே அது. நானும் கை தூக்கியவன்தான். மறுநாள் காலை நடைப்பயிற்சி முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கணக்கெடுத்தேன். முப்பத்தாறு வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதிய கை சும்மா இருக்காது அல்லவா?

மொத்தம் 14 சைக்கிள்கள். அதில் 11, பிள்ளைகளுக்காக நாம் வாங்கிக் கொடுத்த கியர் வைத்த மவுண்டன் பைக். பிரேம் உடைந்தது ஒன்றுகூட இல்லை. ஒன்பது சைக்கிளில் கோளாறு ஒரே இடத்தில்தான்: துருப்பிடித்த செயின், தேய்ந்த பல்சக்கரம், வளைந்த கியர். மிதிக்கும் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இந்தப் பாகங்கள் கெட்டுப்போனால் முழு சைக்கிளும் கெட்டுவிட்டதாக நினைத்து ஓரங்கட்டி விடுகிறோம். அப்படி நினைப்பது சரியா என்று பார்க்க, இந்தப் பாகங்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உங்கள் பணம் மிச்சமாகும் விஷயமும் இருக்கிறது.

முதலில் சைக்கிளுக்குச் செயினே கிடையாது. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும், பின்சக்கரம் தட்டளவுக்கும் இருக்கும் பழைய சைக்கிள் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆனால் கால் நீளத்துக்கு மேல் சக்கரத்தைப் பெரிதாக்க முடியாது. விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது செயின். இங்கிலாந்தில் மான்செஸ்டரில் தொழில் நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்டு, 1880-இல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய செயின்களில் மெல்லிய ஊசிமுனைகளே எல்லாப் பாரத்தையும் தாங்கி வெகு சீக்கிரம் தேய்ந்தன. ரெனால்டு ஊசியின் மேல் ஒரு குழலையும், குழலின் மேல் சுழலும் உருளையையும் மாட்டினார். பாரம் பரவியது, தேய்மானம் குறைந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1885-இல், கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தமது ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நம் சுவரோரம் நிற்கும் 14 சைக்கிளும் அதன் வாரிசுகளே.

இந்த உருளைச் செயினுக்கு வானத்திலும் ஒரு பங்கு உண்டு. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில், என்ஜினின் சுழற்சியை இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் கொண்டுபோனது செயின்தான். அண்ணன் தம்பி இருவரும் சைக்கிள் கடைக்காரர்கள். தெரிந்த சரக்கைப் பயன்படுத்தினார்கள். அந்தச் செயினைச் செய்தது அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து டயமண்ட் செயின் கம்பெனி. இதே கம்பெனியின் கூட்டுறவோடுதான் 1960-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. டயமண்ட் செயின் தொடங்கியது. அதற்கு முன்பே, 1949-இல், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை நிறுவியிருந்தன. நம் தலைமுறைக்குத் தெரிந்த ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவை.

என் அப்பாவிடம் ஒரு கறுப்பு ஹெர்குலஸ் இருந்தது. ரோடியர் மில்லுக்கு ஷிப்டுக்குப் போய் வருவார். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பிரீவீல், தடித்த செயின், அதை முழுக்க மூடிய தகரக் கியர் கேஸ். ஊர் தட்டையான ஊர். ஒரு கியரே போதும். மழைத் தண்ணீரும் கடற்கரை மணலும் செயினைத் தொடுவதே கிடையாது. அந்த சைக்கிள் முப்பது வருடம் ஓடியது. அப்பா செயினை மாற்றி நான் பார்த்தது இரண்டே தடவை. வாடகைக் கடையில் மணிக்கு 25 பைசா கொடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நாங்களும் கியர் என்ற ஒன்றைக் கண்டதில்லை.

கியரின் கதைக்கு நாம் பிரான்சுக்குப் போக வேண்டும். நம் ஊருக்கு அது அந்நிய நாடு அல்லவே! மலைகள் சூழ்ந்த சேன்ட் எத்தியேன் நகரில் பால் தெ விவி என்றொருவர் இருந்தார் (1853–1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரில் 'லெ சிக்ளிஸ்த்' பத்திரிகையை நடத்தியவர். மேட்டில் ஏற ஒரு பல், சமவெளிக்கு வேறு பல் வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடும் கியர் மாற்றிக்குப் பிரெஞ்சில் 'தெராய்யர்' என்று பெயர். தடம்புரளச் செய்வது என்று அர்த்தம். ரயில் தடம்புரண்டால் விபத்து, செயின் தடம்புரண்டால் கியர்!

எதிர்ப்பும் இருந்தது. 1903-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றியைத் தம் பந்தயத்தில் அனுமதிக்கவே இல்லை. வீரனின் பலம்தான் வெல்ல வேண்டும், கருவியின் தந்திரம் அல்ல என்பது அவர் கட்சி. 1937-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அப்போது நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள்.

மவுண்டன் பைக் பிறந்தது அமெரிக்காவில். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றிக்கொண்டு போய்ச் சரிவில் பாய்ந்தார்கள். கீழே வந்து சேரும்போது பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் முழுக்க எரிந்திருக்கும். திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976-இல் தொடங்கிய அவர்கள் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. வண்டியைத் திரும்ப மேலே ஏற்ற, முன்னால் மூன்று பல்சக்கரமும் பின்னால் கியர் மாற்றியும் பொருத்தினார்கள்.

இதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது ஜப்பான். ஒசாகா அருகே, கத்தி செய்யும் கொல்லர்களுக்குப் பேர்போன சகாய் ஊரில் 1921-இல் தொடங்கிய ஷிமானோ கம்பெனியின் முதல் சரக்கு வெறும் பிரீவீல்தான். 1982-இல் அது மவுண்டன் பைக்குக்கென்றே 'தியோர் எக்ஸ்.டி.' என்ற முழுப் பாக வரிசையைக் கொண்டுவந்தது. இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான சன்டூர், 1964-இலேயே சாய்ந்த இணைகர வடிவில் ஒரு கியர் மாற்றியைச் செய்திருந்தது. அதன் காப்புரிமை 1984-இல் முடிந்ததும் மற்றவர்களும் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் உயர்ந்த விலைக்கு விற்ற நுட்பம் இன்று குறைந்த விலைக் கியர்களுக்கும் வந்துவிட்டது. ஆகவே நல்ல கியர் என்றால் விலை அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கத் தேவையில்லை.

நம் தெருக்களுக்கும் மவுண்டன் பைக் வந்தது. 1990-களில் பையன்கள் கேட்டு அடம்பிடித்த எம்.டி.பி. சைக்கிள்களில் பலவற்றில் கியரே கிடையாது. தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும்தான் அதில் இருந்த மலை! பிறகு 18 கியர், 21 கியர் என்று எண்ணிக்கை ஏறியது. அப்பா காலத்துச் செயினை மூடியிருந்த கியர் கேஸ் போய்விட்டது, ஏனென்றால் செயின் பக்கவாட்டில் நகர இடம் வேண்டும். செயினும் பல்லும் மெல்லியதாயின. திறந்த செயின், மெல்லிய பல், உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை. இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்தது நம் தலைமுறையில்தான்.

இதில் நானே ஏமாந்தவன். பேரனுக்கு 21 கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மெக்கானிக் செயினை மாற்றச் சொன்னார். "ஓடுகிற செயினை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று சில நூறு ரூபாய்ச் செலவைத் தள்ளிப் போட்டேன். ஒருநாள் மாலை, மரப்பாலம் சிக்னலில் பச்சை விழுந்ததும் பையன் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். செயின் பல் தாண்டியது. கால் வழுக்கி நடுரோட்டில் விழுந்தான். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்கு என் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

பி.காம். படித்தபோது முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிளில் செயின் வருவாயினச் செலவு. அவ்வப்போது செய்தாக வேண்டும். பல்சக்கரங்கள் முதலினச் செலவு. உள்ளே ஊசியும் குழலும் தேயத் தேயச் செயின் நீளும். நீண்ட செயின் பல்லின் மேல் சரியாக உட்காராமல் பல்லை அரம் போல ராவும். சின்னச் செலவை நான் நிறுத்தினேன். கடைசியில் செயின், பிரீவீல், முன் கிராங்க் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது. தேய்மானத்துக்கு ஒதுக்கு வைக்காத நிறுவனத்துக்கு வரும் கதி எனக்கும் வந்தது.

நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். உங்கள் சைக்கிளுக்குப் பாகம் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

செயினை அளந்து பாருங்கள். ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஒரு கணுவின் நீளம் அரை அங்குலம். உள்கணு, வெளிக்கணு இரண்டையும் எண்ணி 24 கணு, ஊசியிலிருந்து ஊசிக்குச் சரியாக 12 அங்குலம் இருந்தால் செயின் நல்ல செயின். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 கூடியிருந்தால் பல்லும் தேய்ந்திருக்கும்; பிரீவீலோடு சேர்த்து மாற்றுவதே நல்லது.

கியர் எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். பின்னால் 6, 7, 8 பல்சக்கரம் உள்ளவற்றுக்கு ஒரே அகலச் செயின் பொருந்தும். எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. 9-க்கு மேல் போகப் போகச் செயின் மெலியும், விலை ஏறும். நம் ஊர் மேடு கோரிமேட்டோடு முடிந்துவிடுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஏழு என்றாலே தாராளம்.

முன் கிராங்க் வாங்கும்போது பல்சக்கரம் ரிவெட் அடித்ததா, போல்ட் போட்டதா என்று கேளுங்கள். போல்ட் போட்டதென்றால் தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றலாம். ரிவெட் என்றால் முழு கிராங்கும் போகும். பல் அலுமினியமா, எஃகா என்றால் எஃகையே எடுங்கள். எடை கொஞ்சம் கூடும், ஆயுள் நிறையக் கூடும்.

கியர் சரியாக விழவில்லை என்றால் உடனே புதுக் கியர் வாங்காதீர்கள். நெருக்கி நிறுத்தும் இடத்தில் சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால், கியர் மாற்றியைத் தாங்கும் சின்னக் கொக்கி வளைந்துவிடும். அதை நிமிர்த்தினாலோ மாற்றினாலோ பல நேரம் கியர் சரியாகிவிடும்.

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றாதீர்கள். மணலை இழுத்து ஒட்டவைத்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். துணியால் துடைத்து, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் திரும்பத் துடைத்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்கள் அடிக்கடி செய்ய வேண்டும்.

தீர்மானத்தை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. மாத இறுதிக்கு முன் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை 7 மணிக்கு ஸ்கேலும் துணியும் எண்ணெய்ப் புட்டியுமாக அங்கே இருப்பேன். உங்கள் சைக்கிளின் சாவியோடு வாருங்கள். சேர்ந்து அளந்து பார்ப்போம். செயினை மாற்றினால் ஓடும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் நம் வாட்ச்மேன் பிள்ளைகளும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறார்கள். செயின் செலவில் முதல் மூன்று சைக்கிளுக்கானதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதை எடைக்குப் போடலாம். அப்போதும் நான் கை தூக்குவேன்.