மாவுச்சத்தைக் குறைப்பவர்கள் தயிரைக் கைவிட வேண்டுமா?

சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்ன மறுநாளே நம் வீடுகளில் முதலில் மாறுவது தேநீர்தான். சீனி போடாமல் குடிக்கத் தொடங்குவோம். பிறகு இட்லி, பரோட்டா, சோறு என்று ஒவ்வொன்றாகப் பேச்சு வரும். தயிர் வரும்போதுதான் குழப்பம். "பாலிலேயே சர்க்கரை இருக்கிறது, தயிரும் வேண்டாம்" என்பார் ஒருவர். "பேலியோவில் தயிர் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். 100 மில்லி பசும்பாலில் அது ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். உறை ஊற்றியதும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிரின் புளிப்பு அதிலிருந்து வருவதுதான். ஆனால் முழு லாக்டோஸும் தீர்ந்துவிடுவதில்லை. கால் பங்கை ஒட்டித்தான் குறைகிறது. முழுக்கத் தீர்ந்தால் அந்தத் தயிரை வாயில் வைக்க முடியாது. ஆகவே கொழுப்பு நீக்காத, இனிப்புச் சேர்க்காத தயிர் 100 கிராமில் 4 முதல் 5 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். (பல நாடுகளில் நீர், புரதம், கொழுப்பு, தாது உப்புகளைக் கழித்து மிஞ்சுவதை எல்லாம் மாவுச்சத்து என்று எழுதுகிறார்கள். லாக்டிக் அமிலமும் அதில் சேர்ந்துவிடும். அதனால் உண்மையான சர்க்கரை அச்சிட்டதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு "தயிரில் மாவுச்சத்தே இல்லை" என்று சொல்வது மிகை.)

இப்போது இதை நம் தட்டில் வைத்துப் பார்ப்போம். 200 கிராம் தயிரில் 8 முதல் 10 கிராம். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் சுமார் 45 கிராம். ஆக, தயிர்ச் சோறு சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் குற்றவாளி யார் என்பது தெரிகிறது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள் மாவுச்சத்தை நிறுத்துவதைக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை என்கிறார்கள். அதில் ஒரு கிண்ணம் தயிருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 20 முதல் 50 கிராமுக்குள் நிற்கும் கீட்டோ முறையில் இருப்பவர்கள்தான் அளந்து சாப்பிட வேண்டும்.

கடையில் வாங்கும்போது நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது "கொழுப்புக் குறைந்தது" என்ற வார்த்தையில்தான். கொழுப்பை எடுத்தால் தயிர் நீர்த்துப்போகும். அதைக் கெட்டியாக்கப் பல நிறுவனங்கள் பால் பவுடர் சேர்க்கின்றன. பவுடரோடு லாக்டோஸும் வருகிறது. 100 கிராமுக்கு 4.7 கிராம் இருந்த இடத்தில் 7 கிராம் ஆகிவிடும். மாவுச்சத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் முழுப்பால் தயிரே நல்லது. அது வயிற்றையும் நிறைக்கும்.

பழச்சுவை தயிர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஊட்டச்சத்துப் பட்டியலில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைப் பாருங்கள். வெறும் தயிரில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 14 கிராம் என்று போட்டிருந்தால் அதில் 4, 5 கிராம்தான் பாலுடையது. மீதி இரண்டு தேக்கரண்டி சீனி. தேன், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு என்று பெயர் மாறினாலும் கணக்கு மாறாது.

கெட்டித் தயிர் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரேக்கத் தயிர் என்பது மோர்நீரை வடித்து எடுத்த தயிர். வடியும் நீரோடு லாக்டோஸின் ஒரு பகுதியும் போய்விடுவதால் புரதம் 100 கிராமுக்கு 9, 10 கிராம் வரை ஏறி, மாவுச்சத்து 4 கிராம் அளவில் நிற்கும். ஆனால் "கிரேக்க பாணி" என்று விற்கும் சில டப்பாக்களில் வடிப்பதே இல்லை. ஸ்டார்ச் அல்லது ஜெலட்டின் போட்டுக் கெட்டியாக்கியிருப்பார்கள். ஸ்டார்ச் மாவுச்சத்தைக் கூட்டும். ஜெலட்டின் என்றால் எந்தப் பிராணியிலிருந்து, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி நமக்கு வருகிறது. நம் நாட்டுத் தயாரிப்பில் பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின் இல்லை என்று கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்த டப்பாவில் ஹலால் முத்திரையையும் பொருட்பட்டியலையும் பாருங்கள். ஸ்ட்ராபெர்ரி நிறத்துக்காகச் சேர்க்கப்படும் இ120 ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுப்பது என்பதும் தெரிந்திருக்கட்டும். பொருட்பட்டியலில் பாலும் நுண்ணுயிரும் மட்டும் இருக்கும் தயிரே போதும்.

இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் வீட்டிலேயே வடிக்கலாம். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு லப்னா புதிதல்ல. அரைக் கிலோ தயிரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் விட்டால் காலையில் வெண்ணெய் போலத் திரண்டிருக்கும். மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வெள்ளரிக்காயோ அவித்த முட்டையோ வைத்துச் சாப்பிடலாம். குபூஸ் இல்லாமல் சாப்பிட முதல் இரண்டு நாள் கஷ்டம்தான். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

மற்றபடி சாப்பிடும் வழிகள் நம் சமையலிலேயே இருக்கின்றன. பிரியாணிக்குச் செய்யும் வெங்காயப் பச்சடியில் வெள்ளரியையும் புதினாவையும் கூட்டி, வறுத்த சீரகப் பொடி தூவினால் அதுவே ஒரு உணவு. கறியைத் தயிரில் ஊறவைத்துச் சுடுவதில் ஆளுக்குச் சேரும் மாவுச்சத்து மிகக் குறைவு. வெண்டைக்காயை வதக்கித் தயிரில் போட்டுக் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கலாம். காலிஃபிளவரைத் துருவி, ஆவியில் வேகவைத்துத் தயிர் கலந்து தாளித்தும் பலர் சாப்பிடுகிறார்கள். சோறு என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம். கூட்டு என்று நினைத்தால் நன்றாகவே இருக்கும். வெயில் காலத்தில் 50 கிராம் தயிரில் ஒரு குவளை மோர் கலக்கிவிடலாம். மாவுச்சத்து 3 கிராமைத் தாண்டாது. லஸ்ஸியும் இனிப்பு லபனும் அப்படியல்ல.

விருந்து வீடுகளில் சஹனைச் சுற்றி நான்கு பேர் அமரும்போது யாரும் அளவு பார்க்க மாட்டார்கள். அங்கே ஒரு வழி: பச்சடியையும் கறியையும் முதலில் எடுத்துக்கொண்டு, சோற்றுக்குக் கடைசியில் வாருங்கள்.

ரமளானில் ஸஹர் நேரத்துப் பழக்கம் பல வீடுகளில் தயிரும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்த சோறு. தாகம் எடுக்காது என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தக் கலவையில் தயிர் ஒன்றுதான் தோதானது. தயிரை அப்படியே வைத்துக்கொண்டு, சோற்றைக் கைப்பிடியாகக் குறைத்து, முட்டையோ பாதாமோ சேர்த்தால் பசி தாங்கும்.

தயிர் சர்க்கரை நோயைத் தடுக்குமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், வாரத்துக்குக் குறைந்தது 2 கோப்பை தயிர் சாப்பிடுவது இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொள்ள நிறுவனங்களை அனுமதித்தது. ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றது. வந்த நோயைத் தயிர் குணமாக்கும் என்று அதில் எங்கும் இல்லை.

மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை முதலில் மருத்துவர் மாற்றித் தர வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் கீட்டோ அளவுக்கு இறங்குவது, சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தைத் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கணக்கில் வரும் என்பதால் கெட்டித் தயிரைத் தாமாகக் கூட்டக் கூடாது. தைராய்டு மாத்திரையைத் தயிரோடு சேர்த்து விழுங்கினால் கால்சியம் அதை உடலில் சேரவிடாது. நோன்புக் காலத்தில் ஸஹரில் இரண்டையும் ஒன்றாக எடுப்பவர்கள் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி தேவை.