முத்துக்குளித்துறையில் வழிபாட்டுத் தமிழ்

சமயம் தழைப்பது புலவர் ஏட்டிலா, வீட்டில் வழங்கும் பேச்சிலா என்னும் வினா நம் நாட்டுக்குப் புதிதன்று. முத்துக்குளித்துறையில் கிறித்தவம் கால்கொண்ட நாளில் அவ்வினா எழுந்த வகையை ஈண்டுக் காண்போம்.

1542 ஆம் ஆண்டு பிரான்சிசு சவேரியார் தூத்துக்குடியை அடைந்தார். அங்குள்ள பரதவர் சில ஆண்டுகட்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் மறைப்பொருளை அவர்தம் மொழியில் உணர்த்துவார் இலர். சவேரியாரோ தமிழ் அறியார். இரு மொழியும் ஓரளவு அறிந்தாரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கைமணி ஒலித்தவாறு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

அத்தமிழாக்கத்தில் ஒரு பிழை புகுந்தது. விசுவாச அறிக்கையில் நம்பிக்கையைக் குறிக்கவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் அமைந்துவிட்டது. 1544 இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு வரைந்த மடலில் சவேரியார் இதனைச் சுட்டி, 'வேணும்' என்பது விருப்பத்தையே குறிக்கும், 'விசுவாசம்' என்பதே தக்கது எனத் திருத்தினார். கடவுள் வேணும் என்று ஒரு சிறுவன் சொன்னால் அதிற் குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை! எனினும் விரும்புதல் வேறு, நம்புதல் வேறு. ஒரு சொல் பிறழ்ந்தால் ஆணையே பிறழும் என்பதைக் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம்மனோர் நன்கறிவர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சவேரியார் பேச்சுத்தமிழை விலக்கினாரல்லர். அதனிற் பொருந்திய சொல்லையே தேடினார். நன்றி மறவாத வேலையாளையும் வீட்டு நாயையும் 'விசுவாசமுள்ளது' என்று இன்றும் புகழ்கின்றோம். அத்தகைய வீட்டுச்சொல்லே இறைவன்பால் கொள்ளும் பற்றுக்கும் பெயராயிற்று.

அவருக்குப்பின் இக்கரையில் நெடுங்காலம் பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, போர்ச்சுகீசிய மொழியில் அதற்கோர் இலக்கணமும் எழுதினார். 1578 இல் கொல்லத்தில் அச்சேறிய அவரது 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கொண்டது. இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்தில் அச்சுக்கண்ட பெருமை தமிழுக்கு அதனால் வாய்த்தது. அதன் நடை கரையோர மக்களின் பேச்சை ஒட்டியது. செந்தமிழ்வாணர் சிலர் அதனைக் கொச்சை என ஒதுக்குவர். நாம் அதற்கு உடன்படோம். வலை உலர்த்துவோரும் சங்கு குளிப்போரும் ஓதுதற்கு எழுதிய நூலை யாப்பருங்கலம் கொண்டு அளப்பது முறையன்று.

இத்தனைக்கும் கோயிற்பீடத்தில் இலத்தீனே ஒலித்தது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள்மொழிக்கு வழிதிறந்த பின்னரே திருப்பலி தமிழிலாயிற்று. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்பே ஊரார் அதனைப் 'பூசை' என்றே வழங்கிவந்தனர். முதியோர் பலர் இன்றும் 'பூசைக்குப் போய்வந்தேன்' என்றே கூறுகின்றனர்.